பிரிந்துபோன மூன்று கிளைகள் குலதெய்வத்தின் முன் கூடுவதற்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோத்தகிரிப் பேரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் ஒன்றுகூடல் ஒன்றுக்கு ஆயத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறேன். இப்படிப்பட்ட காரியத்தை முன்னின்று நடத்தியவர்களின் யோசனை தேவைப்படுவதால், விவரத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் பூட்டனாரும் அவருடைய தம்பியும் 1920களில், திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கங்காணி (தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர்) ஒருவரின் கீழ் ஆள் சேர்ந்து, மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் வழியாக இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். மூத்த அண்ணன் மட்டும் ஊரிலேயே இருந்துவிட்டார். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சாஸ்திரி – சிறிமாவோ உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் முடிவானபோது, எங்கள் பாட்டனார் இந்தியாவுக்கும் சின்னப் பாட்டனார் இலங்கைக்கும் மனுச் செய்தார்கள். எங்கள் பாட்டனார் குடும்பம் 1970களில் இராமேசுவரத்தில் வந்து இறங்கி, அரசின் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, கோத்தகிரியில் நிலைத்தது. பாட்டனாரின் கூடப்பிறந்த தங்கையோ, கட்டிக்கொடுத்த இடம் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்திருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார். இரு பக்கமும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் 1983 கலவரத்துக்குப் பிறகு எழுதவில்லை. அண்மையில்தான் உறவினர் ஒருவர் வழியாக அட்டனில் உள்ள சின்னப் பாட்டனார் பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடித்து, தொலைபேசியில் பேசினோம்.

வருகிற மாசி மாதம் மகா சிவராத்திரிக்கு ஊர்க் குலதெய்வத்தின் முன் மூன்று கிளையும் கூடிப் பொங்கல் வைக்க வேண்டும் என்பது எங்கள் அப்பாவின் விருப்பம். அவருக்கு எழுபது வயதாகிறது. ஊரில் உள்ள பெரியவர் வழியினரோடு எங்களுக்கு அவ்வளவாகப் போக்குவரத்து இல்லை. நான் கேட்க விரும்புவது மூன்று செய்திகள். கொடிவழிப் பட்டியலை எந்த ஆதாரங்களைக் கொண்டு சரிபார்ப்பது? பெண் வழிப் பிள்ளைகளைக் குலதெய்வக் கோயில் ஒன்றுகூடலில் எப்படிச் சேர்ப்பது? ஊரில் இருப்பவர்களுக்கு மனத்தாங்கல் வராமல் இதை எப்படித் தொடங்குவது?

பதில் 1: காவிரிக்கரை (வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்)

தம்பிக்கு வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் என் அனுபவம் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களின் சந்ததியினர் தங்கள் முன்னோரைத் தேடுவதைப் பார்த்து நம்மவர்களும் அதேபோல் ஒரு கப்பல் பதிவேட்டை எதிர்பார்க்கிறார்கள். 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் ‘ட்ரூரோ’ கப்பல் கரை சேர்ந்தது முதற்கொண்டு அங்கே ஒப்பந்தக் கூலிகளாக இறங்கிய ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுகா எல்லாம் எழுதிவைத்தார்கள். இலங்கைக்குப் போனவர்கள் அந்த ஒப்பந்த முறையில் போகவில்லை, கங்காணி கொடுத்த முன்பணப் பற்றில் போனார்கள். ஆகவே அதே மாதிரியான பதிவேட்டைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம். அவர்கள் கழுத்தில் கட்டிவிட்ட தகரத் துண்டு யார் வீட்டிலாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அதில் பொறித்த எண் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்பதைக் காட்டும்.

உங்கள் பாட்டனார் கொண்டுவந்த இந்தியப் பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டையும்தான் உங்களுக்கு முதல் ஆதாரம். அவற்றில் உள்ள ஊர்ப் பெயரை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடாதீர்கள். பழைய திருச்சி ஜில்லா என்பது இன்றைய பெரம்பலூர், அரியலூர், கரூர் மாவட்டங்களையும் உள்ளடக்கியது. துறையூர்ப் பக்கத்து ஊர்கள் பழைய காகிதங்களில் முசிறி தாலுகா என்று இருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும்.

ஊர்ப் பக்கத்தில், ‘அ’ பதிவேடும் (கிராம நிலங்களின் பதிவேடு) பழைய பட்டாவும் பெரியவர் வழியில் மூன்று தலைமுறைப் பெயர்களைத் தந்துவிடும். துறையூர்ச் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்கள் ஜமீனுக்கு உட்பட்டவை. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மெண்டில்தான் அங்கே குடியானவர் பெயரில் பதிவு ஏறியது. அதற்கு முந்தைய காகிதங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மனுக் கொடுத்துப் பார்க்கலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று அவ்வளவு பழைய காலத்துக்குப் போகாது என்பதால் உங்கள் தேவைக்கு அது பெரிதாக உதவாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நீங்கள் நிலப் பதிவேடுகளைத் தேடுவதாக ஊரில் செய்தி பரவினால் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கப்படும். எனவே ஊர்க்காரர்களிடம் முதலில் பேசிவிட்டு, அவர்களையே கூட வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் முறை.

காகிதத்தைவிட நான் அதிகம் நம்புவது மொய் நோட்டை. பெரியவர் வீட்டில் பழைய கல்யாணத்து மொய் நோட்டு பரணில் கிடக்க வாய்ப்புண்டு. யார் யார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் தாய்மாமன் சீர் வைத்தார்கள், யாருடைய மொய் முதலில் எழுதப்பட்டது என்பதையெல்லாம் அது காட்டிவிடும். வயதான அத்தைமார்களிடமும் இந்த வழியாகவே கேளுங்கள். “உங்கள் தாத்தா பெயர் என்ன” என்று கேட்டால் தெரியவில்லை என்பார்கள். “உங்கள் கல்யாணத்துக்குச் சீர் தூக்கி வந்தது யார், பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து போனது யார்” என்று கேட்டால் ஒரு வம்சத்தையே ஒப்பித்துவிடுவார்கள். அவர்கள் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் தடுக்காமல் பதிவுசெய்யுங்கள். தாலாட்டில் மாமன்மார் பெயரும் ஊரும் வரும்.

பதில் 2: அட்டன் ஆசிரியை

சகோதரருக்கு வணக்கம். உங்கள் சின்னப் பாட்டனார் வழியினர் இருக்கும் பகுதியில்தான் நானும் இருக்கிறேன். எங்கள் குடும்பமும் உங்களுடையதைப் போலவே இரண்டாக்கப்பட்ட குடும்பம்.

இலங்கைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நீங்கள் பார்த்ததுண்டா? தகப்பனார் பெயர், அவர் பிறந்த திகதி, பிறந்த இடம் ஆகியவற்றோடு, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று எழுதத் தனியாக ஒரு கூடு (கட்டம்) இருக்கும். தகப்பனார் இலங்கையில் பிறக்காதவராக இருந்து பூட்டனார் இங்கே பிறந்திருந்தால் அதற்கும் ஒரு கூடு உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியபோது, தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று நிரூபிக்கச் சொல்லித்தான் எங்கள் சனத்தை அலைக்கழித்தார்கள். எந்தக் கேள்வியால் எங்கள் முன்னோர் துன்பப்பட்டார்களோ அந்தக் கேள்விக்கான விடைதான் இன்று உங்கள் கொடிவழிக்கு எழுத்திலுள்ள சான்று. ஆகவே அட்டன் உறவினரிடம் வயதில் மூத்தவர்களின் பிறப்பு, விவாகப் பத்திரங்களை முதலில் கேளுங்கள். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் கொடுத்த மனுவின் பிரதியைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. அதில் முழுக் குடும்பத்தின் விவரமும் இருக்கும்.

அட்டனோடு தேடலை நிறுத்திவிட வேண்டாம். 1977லும் 1983லும் கலவரத்துக்குப் பயந்து தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். உங்கள் பாட்டனாரின் தங்கை வழியினர் அங்கே இருக்கவும் கூடும். அப்படிப் போனவர்கள் போரின் கடைசி ஆண்டுகளில் என்ன பாடு பட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே பட்டியலுக்காகத் தொலைபேசியில் விசாரிக்கிறவர், பதிலை எழுதிக்கொள்ளும் அவசரத்தில் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை உள்ளவராக இருக்க வேண்டும்.

மாசி சிவராத்திரி பற்றி ஒரு வேண்டுகோள். அது எங்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறைக் காலம் அல்ல. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தொடர்ந்து நாள் தவறினால் சம்பளம் வெட்டுப்படும். ஒரு குடும்பத்தில் நான்கு பேருக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் விமானச் சீட்டும் எடுப்பதென்றால், தோட்டச் சம்பளத்தில் அது பல மாதத்துச் சேமிப்பு. இரண்டு நாட்டுக்கும் பொதுவான நாள் சித்திரை வருடப் பிறப்புதான். அப்போது இங்கே பாடசாலை விடுமுறை, உங்கள் பக்கமும் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிகிற காலம். சிவராத்திரிப் பூசையை ஊரார் வழக்கப்படி நடத்தட்டும். கூடும் நாளைச் சித்திரையில் வையுங்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் வவுனியா, கிளிநொச்சி என வன்னியில் இருப்பவர்களுக்கு வசதியாக இருக்கலாம், ஆனால் கடல் நிலவரத்தைப் பொறுத்து அந்தச் சேவை நின்று நின்று ஓடுவதால் அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அடுத்ததாகத் தெய்வம். ஊர்த் தெய்வத்தை எங்கள் முன்னோர் மறந்துவிட்டுப் போகவில்லை. பிடிமண் கொண்டுபோய்த் தோட்டத்தில் மரத்தடியில் வைத்துக் கும்பிட்டார்கள். தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனியையும், கவ்வாத்து வெட்டும் மலைக்குக் காவலாகக் கவ்வாத்துச் சாமியையும் உண்டாக்கிக்கொண்டார்கள். அட்டன் கிளை ஊருக்கு வரும்போது தோட்டத்துக் கோயில் திருநீற்றையும் ஒரு பிடி மண்ணையும் எடுத்து வரட்டும். விருந்தாளியாக வந்து நிற்காமல், நூறு வருடமாக அந்தத் தெய்வத்துக்கு விளக்கேற்றியவர்களாக வந்து நிற்பார்கள்.

பதில் 3: பச்சைமலையடிவாரம்

நான் போகாமல் ஊரிலேயே தங்கிவிட்ட கிளையைச் சேர்ந்தவன். எங்கள் பங்காளிகள் மலேசியாவிலிருந்து தேடி வந்தபோது ஊர் எப்படி நினைத்தது என்பதை நேரில் கண்டவன் என்ற முறையில் மூன்றாவது கேள்விக்கு எழுதுகிறேன். இதைச் சற்று அப்பட்டமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அறுபது, எழுபது ஆண்டுகளாக முகம் காட்டாத பங்காளி ஒருவர் காரில் வந்து இறங்கி, தாத்தா பெயரைச் சொல்லி, கோயிலைக் காட்டுங்கள் என்று கேட்டால், ஊரில் இருப்பவருக்கு முதலில் எழும் எண்ணம் பாகம் கேட்க வந்திருக்கிறார் என்பதுதான். அதைக் குற்றமாக நினைக்காதீர்கள். இரண்டு ஏக்கர் மானாவாரியைப் பாட்டன் உழுது, கிணறு வெட்டி, கடன்பட்டு, வறட்சியில் மாட்டை விற்றுக் காப்பாற்றியிருப்பார்கள். பட்டாவில் இன்னும் பூட்டன் பெயரே இருந்துகொண்டிருக்கும். போனவர்கள் பட்டபாடு ஊருக்குத் தெரியாதது போலவே, இருந்தவர்கள் பட்டபாடு போனவர்களுக்குத் தெரியாது. பட்டியலோடும் பேனாவோடும் வந்து “உங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் பெயரில் என்ன இருக்கிறது” என்று கேட்கிறவரிடம் யார்தான் மனம் திறந்து பேசுவார்கள்?

ஆகவே உங்கள் அப்பா, முடிந்தால் அம்மாவையும் அழைத்துக்கொண்டு, ஒன்றுகூடல் பேச்சையே எடுக்காமல் முதலில் ஒருமுறை போய்வர வேண்டும். பழம், வெற்றிலை பாக்கோடு பெரியவர் வழியில் மூத்தவர் வீட்டுக்குப் போகட்டும். அவர் வயதில் இளையவராக இருந்தாலும் முறையில் அண்ணன் என்றால் அண்ணன் என்றே அழைக்கட்டும். நிலத்தைப் பற்றி அவர்கள் கேட்பதற்கு முன்பாகவே, “நாங்கள் சொத்துக்காக வரவில்லை, தெய்வத்துக்காகவும் உறவுக்காகவும்தான் வந்திருக்கிறோம்” என்று நாலு பேர் காதுபடச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சிலர் செய்வதுபோல, விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறோம் என்று முந்திக்கொண்டு வாக்குக் கொடுக்க வேண்டாம். பாகமே கேட்காத இடத்தில் அந்தப் பேச்சு, உரிமை இருக்கிறது என்று நினைவூட்டுவதுபோல் ஆகிவிடும். அது தேவையா என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.

இரண்டாவது, செலவு. வெளியிலிருந்து வருகிறவர்கள் கோயிலுக்குக் கோபுரம் கட்டித் தருகிறோம், கல்வெட்டில் பெயர் போடுங்கள் என்று தொடங்கினால் அங்கேயே பிளவு வந்துவிடும். எங்கள் கோயிலில் நடந்தது அதுதான். பெயர்ப் பலகையில் யார் பெயர் மேலே என்ற தகராறில் அடுத்த இரண்டு சிவராத்திரிக்குப் பங்காளிகள் தனித்தனியாகப் பொங்கல் வைத்தார்கள். ஊரில் எல்லாரும் கொடுக்கிற தலைக்கட்டு வரி எவ்வளவோ அதையே உங்கள் கிளையும், ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் அதே தொகையாகக் கொடுக்கக் கேளுங்கள். வரி வாங்கிக்கொண்டுவிட்டால் உங்களைப் பங்காளியாக ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். அந்த நோட்டில் பெயர் ஏறுவதற்கு ஈடான மரியாதை வேறு எதிலும் இல்லை. கூடுதலாகச் செய்ய மனமிருந்தால் அன்றைய சாப்பாட்டுச் செலவைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

பெண் வழி பற்றி நீங்கள் கேட்டதற்கும் ஊர் வழக்கத்திலேயே விடை இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டுத் தெய்வம்தான் குலதெய்வம் என்பதால், பங்காளிப் பூசையில் அவர்களுக்கு இடமில்லை என்று ஊரில் சொல்லக்கூடும். ஆனால் காதுகுத்து என்று வந்துவிட்டால் தாய்மாமன் மடி இல்லாமல் காரியம் நடக்காது. பெண் வழியில் ஏதாவது ஒரு குழந்தைக்கு அன்றைக்கு முடியிறக்கிக் காது குத்த ஏற்பாடு செய்யுங்கள். கோத்தகிரிப் பெண்ணின் குழந்தையை, அட்டனிலிருந்து வந்த, அவளுக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளட்டும். ஊர்ப் பங்காளிகள் சீர்த்தட்டு எடுத்து வரட்டும். அப்போது பெண் வழியினரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது.

கேள்வியாளரின் மறுமொழி: கோத்தகிரிப் பேரன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேதியைச் சித்திரைக்கு மாற்றுவதற்குச் சம்மதித்துவிட்டார். பொங்கலுக்குப் பிறகு ஊருக்கு அவரும் அம்மாவும் மட்டும் முதலில் போய்வருவார்கள். ஆசிரியை அம்மா எழுதியதைக் கேட்டு, தங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் இருந்த மாடசாமியையும் அங்கே மாசியில் நடக்கும் காமன் கூத்தையும் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் இன்னமும் நாங்கள் தேநீரைத் தேத்தண்ணி என்றுதான் சொல்கிறோம். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் அவருக்குப் பிடித்த உணவு. ஒன்றுகூடல் அன்று காலைப் பலகாரமாக அதையே வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

இன்னும் ஒரே ஒரு சிக்கல். எங்கள் கிளையில் ஓர் அத்தை வேறு சாதியில் திருமணம் செய்துகொண்டவர். அட்டன் கிளையில் ஒருவர் சிங்களக் குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறார். ஊரில் இவர்களைப் பட்டியலில் போடாமல் விட்டுவிடுங்கள், கோயிலுக்கு மட்டும் வேண்டாம் என்று யாராவது சொன்னால் என்ன செய்வது?

பதில் 4: அட்டன் ஆசிரியை

பட்டியலில் யார் பெயரையும் விடாதீர்கள். பிரஜாவுரிமை மனுவில் ஒரு பெயர் விடுபட்டதால் தாய் ஒரு நாட்டிலும் மகள் ஒரு நாட்டிலுமாகப் போன குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்தக் காரியத்தை நம் கையாலேயே நாம் செய்யக் கூடாது. பட்டியலை மூத்த அண்ணனிலிருந்து தொடங்காமல் அவர்களைப் பெற்ற தாய் தகப்பனிலிருந்து தொடங்குங்கள். வம்சத்துப் பெண்களின் பெயரையும், மருமகளாக வந்தவர்களின் பெயரோடு அவர்கள் பிறந்த ஊரையும் எழுதுங்கள். தோட்டத்தில் செத்து, தேயிலைக்கடியில் புதைக்கப்பட்ட கைக்குழந்தைகளின் பெயர் தெரிந்தால் அவற்றையும் எழுதுங்கள். அத்தையின் கணவர் பெயரும் பிள்ளைகளின் பெயரும் மற்றவர்களுக்கு எழுதும் அதே எழுத்தில், அதே அளவில் இருக்க வேண்டும்.

பதில் 5: பச்சைமலையடிவாரம்

அம்மா சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். நடைமுறைக்கு ஒன்று சேர்க்கிறேன். பூசையையும் ஒன்றுகூடலையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். கோயிலில் பொங்கல் விடியற்காலையில் முடிந்துவிடட்டும். மற்றதெல்லாம் துறையூரில் ஒரு மண்டபத்தை எடுத்து அங்கே நடக்கட்டும். மண்டபத்தில் அழைப்பது நீங்கள், உபசரிப்பது நீங்கள், எனவே யார் வரலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். கோயிலுக்கும் அத்தையை அழைத்துப் போவதுதான் சரி என்பது என் எண்ணம். உங்கள் அப்பா முதல்முறை போகும்போதே இதை மறைக்காமல் பெரியவரிடம் சொல்லிவிட்டால், அன்றைய தினம் வாசலில் நின்று பேச வேண்டிய நிலை வராது. அவர் முடியாது என்றால், அத்தையை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர்கள் உள்ளே போவதைக் காட்டிலும் எல்லாரும் மண்டபத்திலேயே படையல் வைத்துக்கொள்ளலாம்.

மண்டபத்தில் ஒவ்வொருவர் சட்டையிலும் பெயரோடு எந்தக் கிளை, எத்தனையாவது தலைமுறை என்று எழுதிய சிறு அட்டையைக் குத்திவிடுங்கள். நாற்பது வயதுக்காரர் இருபது வயதுப் பையனுக்கு மருமகன் முறையாக இருப்பார், யார் யாரை எப்படி அழைப்பது என்று தெரியாமல் எல்லாரும் ‘சார்’, ‘மேடம்’ என்று பேசிக்கொண்டிருப்பார்கள். தலைமுறை எண்ணைப் பார்த்தால் சித்தப்பாவா, அண்ணனா, மாமாவா என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். ஊரிலிருந்து யாராவது ஒரு பெரியம்மாவை வாசலில் உட்கார வைத்துவிட்டால் அட்டையில் உள்ள பிழைகளையும் அவரே திருத்திவிடுவார்.